ஆறு பத்துக்கு வாசலில்

1997 ஆகஸ்ட் 12. காலை 8.40. கிழக்குத் தாம்பரம்.

கம்ப்யூட்டர் திரையில் ஐந்து நாய்கள் தீனித் தட்டைச் சீண்டாமல் படுத்துக் கிடந்தன. ஆறாவது நாய் பஞ்சுவைக் காணோம்.

மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி நடத்தும் ஸ்ரீநிவாசராகவன் கீழ்வீட்டுக்கு ஓடிவந்தான்.

"மாமி, பதினோரு மணிக்கு பம்பாய்க்காரா வர்றா. பஞ்சு இல்லேன்னா ஆர்டர் போச்சு, கம்பெனியும் போச்சு! காப்பி வெச்சிருந்த பழைய பிளாப்பியிலயும் அதை அழிச்சிருக்கு."

கீழ்வீட்டு மாமி திரிபுரசுந்தரி கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். ரயில்வே ஸ்டேஷன் நாய்களை வருஷக்கணக்கில் கவனித்து அவள் சொன்னதைத்தான் ராகவன் புரோகிராமாக எழுதியிருந்தான். எது முதலில் தின்னும், ஒரு நாயைத் தொட்டுவிட்டு வந்த கையை மற்றவை எப்படி மோந்து பார்க்கும், எல்லாம். பஞ்சு மட்டும் தனி ரகம். சாயங்காலம் ஆறு பத்துக்கு வாசலில் போய் உட்கார்ந்து காத்திருக்கும்.

மாடியில் இருவர் நின்றார்கள். திரையில் கிடந்த துக்கம் அவர்கள் முகத்தில் இல்லை, பயம்தான் இருந்தது.

"நேத்து கடைசியா போனது யாரு?" என்று கேட்டாள் மாடியேறி வந்த திரிபுரசுந்தரி.

"நான்தான் மேடம்," என்றான் புரோகிராமர் லாசரஸ். பெங்களூரில் வேறு வேலை கிடைத்திருந்தது அவனுக்கு. "என் தலைதான் உருளும்னு தெரியும்."

"நீ எப்போ போனேம்மா?"

"ஆறுக்கு முன்னாடியே மேடம்," என்றாள் டைப் அடிக்கும் கனகவல்லி. கைப்பையை இறுக அணைத்திருந்தாள்.

9.25. விளையாட்டுக்குள் ஆளுக்கொரு பொம்மை உண்டு; நாயைத் தொடுவதும் தூக்குவதும் அதுதான். "ராகவா, ஒவ்வொருத்தர் பொம்மையா உள்ளே அனுப்பு."

லாசரஸின் பொம்மை நடந்து போனது. ஒரு நாயும் தலை தூக்கவில்லை. ராகவனுக்கும் அப்படியே. கனகவல்லியின் பொம்மை நுழைந்ததுமே ஐந்தும் எழுந்து வந்து அதன் கையை மோந்தன.

"பொம்மை போய்த் தூக்கினாத்தானே நாய் வெளியே வரும்? நாயை எடுத்தாச்சு, கையில வாசனை நின்னுடுத்து. நீ எழுதினதுதான் ராகவா, நீயே மறந்துட்டே."

கனகவல்லி பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து நீட்டினாள்.

"பஞ்சு எங்க வூட்டு நாய் மேடம். நான் வர வரைக்கும் கேட்டாண்ட குந்திகினு இருக்கும். பொங்கலுக்கு முன்னாடி செத்துப்போச்சி. சும்மா சொன்னேன், சார் அப்டியே எழுதிட்டாரு. பம்பாய் போனா வேற யாருக்கோ இல்ல காத்துகினு இருக்கும்?"

"உன் வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?"

"இல்ல மேடம். தலமாட்டுல வெச்சிகினு படுத்தேன்."

ராகவன் பிளாப்பியைச் செருகினான். பஞ்சு வந்தது. ஐந்தும் தட்டை நோக்கி ஓடின. திரிபுரசுந்தரி கனகவல்லி பக்கம் திரும்பினாள்.

"அழிக்காம ஒரு காப்பி எடுத்திருக்கலாமேம்மா?"

"அப்போ ரெண்டு வாசல்ல காத்துகினு இருக்குமே மேடம். நான் எந்த வாசலுக்குப் போவேன்?"