மண் குளியலில் தொலைந்த மோதிரம்

“அழுக்கைக் கழுவின தண்ணி அழுக்காயிடுதே, அப்புறம் அந்தத் தண்ணியை யாரும்மா கழுவுவாங்க?”

நாலு வயதில் மகள் கேட்ட கேள்வி. குளியலறையில் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்திருந்த அம்மாவின் அண்ணன் மனைவிதான் கூடத்திலிருந்து பதில் சொன்னார். அவர் அப்போது நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். “அது போற வழியிலயே பின்னாடி போய்ப் பார்க்கிறதுதான்டி என் வேலை. கழுவுறவங்க கொஞ்சம் பேர். மூடி போட்டு மறைக்கிறவங்கதான் அதிகம்.”

அந்தப் பெண் வளர்ந்து, வேலைக்குப் போய், தானும் ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகு, அம்மாவையும் அத்தையையும் ஐந்து நாள் ஓய்வுக்கு அனுப்பிவைத்தாள். அப்படித்தான் அண்ணியும் நாத்தனாரும் அந்த நாட்டுப்புற விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணி பணி ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். மிச்சம் எட்டையும் நாத்தனார் பேசிவிடுவார்.

பூமிக்குத் துளியும் நோகாதபடி கட்டிய விடுதியாம். வாசலில், படுக்கையில், கழிப்பறைக் கதவின் உட்புறத்தில்கூட அப்படி அட்டை எழுதி வைத்திருந்தார்கள். புல் வேய்ந்த குடில்கள், மூங்கில் பல்துலக்கி, சோப்புக்குப் பதில் ஏதோ ஒரு மாவு. மேலாளருக்கு வெள்ளைப் பருத்திச் சட்டை, கழுத்தில் மரமணி மாலை, தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது போன்ற குரல். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தோடு சின்னத் தோல்பை ஒன்று ஆடிக்கொண்டேயிருந்தது. விடுதியின் பெருமை மண் குளியல். ஆற்றங்கரையில் தோண்டிய சாம்பல் நிறக் களிமண், ஒரு தொட்டி மண்ணில் ஒருவர், ஒருமுறை மட்டும். குளித்து முடித்ததும் அது பூப்பாத்திக்கு உரமாகப் போய்விடும்.

“எங்ககிட்ட எதுவுமே வீணாகாது மேடம்,” என்றார் மேலாளர்.

முதல் குளியலிலேயே நாத்தனாருக்கு முகம் சுளித்தது. அவர் உடம்பில் தேய்த்தது எலுமிச்சைப்புல் எண்ணெய். இறங்கிய மண்ணோ ரோஜா எண்ணெய் நாற்றம் அடித்தது. அதுவும் புது ரோஜா இல்லை, நாலு நாள் மாற்றாத தலையணை உறை போல ஒரு வாடை. மேலாளரிடம் கேட்டதற்கு அதுதான் பூமியின் மணம் என்றார். “பூமி இப்படியா நாறும்? உவ்வே,” என்று நாத்தனார் அண்ணியிடம் முணுமுணுத்தார்.

மறுநாள் விடுதியே கலகலத்துப் போனது. பக்கத்துக் குடிலில் ஒரு நகைக்கடைக்காரரும், ரோஜா எண்ணெய் மணக்க நடமாடும் அவர் மனைவியும் நாலைந்து நாளாகத் தங்கியிருந்தார்கள். முந்தின நாள் மாலை மண்ணில் குளித்த அந்த அம்மாளின் வைர மோதிரத்தைக் காணவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் விரல் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாராம்.

நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? அன்று காலை தான் மண்ணில் படுத்திருந்தபோது குளியல் குடிலில் வேலை பார்க்கும் பணிப்பெண் மண்ணுக்குள் விரலை விட்டு எதையோ எடுத்ததையும், அதைக் கைக்குள் பொத்தி இடுப்பில் செருகியதையும் மேலாளரிடம் சொல்லிவிட்டார். மேலாளரின் முகம் தெளிந்தது. “அப்போதான் எடுத்திருக்கா,” என்றார் உடனே.

சாயங்காலம் அந்தப் பணிப்பெண் துவாலைகளோடு அவர்கள் குடிலுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். களிமண் உறிஞ்சி உறிஞ்சிக் கையெல்லாம் காய்ந்த குளம் போல வெடித்திருந்தது. முதல் நாள் அண்ணியின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். துவாலையை மடித்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“நீங்க பார்த்ததைச் சொன்னீங்க, தப்பில்லம்மா,” என்றாள் நாத்தனாரிடம். “ஆனா நான் எடுத்தது மோதிரம் இல்ல. பிளாஸ்திரி. யாரோ காயத்துக்கு ஒட்டின பழைய பிளாஸ்திரி. தொட்டியை நான் சரியாத் தேய்க்காம விட்டுட்டேன்னு நெனச்சேன். நீங்க பார்த்தா அருவருப்பா இருக்குமேன்னு ஒளிச்சேன்.”

நாளை மதியத்துக்குள் மோதிரம் வராவிட்டால் போலீசைக் கூப்பிடப் போவதாக மேலாளர் சொல்லியிருந்தார். தொட்டி வேலைக்கு வேறு ஆள் இல்லாததால் அதுவரைக்கும் வேலையை மட்டும் நிறுத்தாமல் செய்ய வேண்டுமாம்.

“என் பொண்ணு நர்ஸ் வேலைக்குப் படிக்குது. திருடி மகள்னு பேர் வந்தா எந்த ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்க?”

அண்ணி காலை நீட்டி உட்கார்ந்தபடியே ஒரே ஒரு விஷயம் கேட்டார். குளித்த மண்ணை என்ன செய்கிறாய்?

தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்கட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோவாளாம். இடப்பக்கத் திறப்பில் கொட்டுவாள். வலப்பக்கத் திறப்பில் புது மண் வாங்கிக்கொள்வாள். உள்ளே அவள் போனதில்லை. சாவி மேலாளரிடம். காலையிலும் மாலையிலும் அவரே போய் ஏதோ மோட்டாரைப் போடுவார்.

அவள் போனதும் அண்ணி கைத்தடியை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பினார். பூப்பாத்தியில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். செம்மண், பொலபொலவென்று விரலிடுக்கில் உதிர்ந்தது. கொட்டகையின் வெளித்தாழ்வாரத்தில் ஆற்று மண் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவில் சிலந்தி பழைய வலை பின்னியிருந்தது. இதற்குள் நாத்தனார் மூன்று திருடர்களைக் கண்டுபிடித்துவிட்டார்: நகைக்கடைக்காரரே, அவர் மனைவியே, இல்லாவிட்டால் சமையல்காரர். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ஒரு சாக்கடை எங்கே போய்ச் சேருதுன்னு தெரியலைன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? மேல சாயத்தைக் கரைச்சு ஊத்திடுவோம். அப்புறம் கீழ ஒவ்வொரு கிணறா எட்டிப் பார்ப்போம். உன் பையில என்ன இருக்கு?”

கைக்குட்டை, தைலம், ஜெபப் புத்தகம். அடியில் பேத்தியின் பள்ளிக்கூட வேலைக்காக வாங்கிய ஒரு குப்பி ஜிகினாத் தூள், நீல நிறம். அண்ணி குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நாத்தனாரைப் பார்த்தார்.

“அய்யோ அண்ணி, அந்தக் கண்றாவியில இன்னொரு தடவையா?”

அன்று ஆறு மணிக்கு நாத்தனார் மூன்றாம் முறையாக அந்த மண்ணில் இறங்கினார். இப்போது சந்தேகம் வந்துவிட்டதால் ஒவ்வொரு விரலிடுக்கிலும் குமட்டியது. யாருடைய வியர்வையோ, யாருடைய குதிகால் தோலோ. கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டு, கைக்குள் மறைத்திருந்த குப்பியை மண்ணுக்குள்ளேயே கவிழ்த்துக் கலக்கினார். தன் நாக்கு செய்ததற்கு இந்தத் தண்டனை போதாது என்றும் அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பத்து மணிக்கு விருந்தினர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். மேலாளர் மூலையில் நின்று எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் பணிப்பெண் தலை குனிந்து நின்றாள். காலை வேலை முடிந்ததும் மதியம்வரை கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. காலைக் குளியல் முடிந்து நகைக்கடைக்காரர் கடைசியாக வந்தார். மண்ணிலேயே பிறந்து எழுந்தது போல இருக்கிறது என்று உரக்கச் சொன்னார். ஜன்னல் வெயில் அவர் மேல் விழுந்தது. காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், புருவத்தில் எல்லாம் மினுமினுவென்று நீலம்.

அண்ணி கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“ஐயா, நீங்க வைரம் பார்க்கிறவர். உங்க கழுத்துல மின்னுறது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க.”

அவர் விரலால் வழித்துப் பார்த்தார். “ஜிகினா மாதிரி இருக்கு. இது எப்படி?”

“என் பேத்தியோடது,” என்றார் நாத்தனார், அடக்க முடியாமல். “நேத்து சாயங்காலம் நான் படுத்திருந்த மண்ணுல கொட்டினேன்.”

கூடம் ஒரு கணம் புரியாமல் இருந்தது. பிறகு புரிந்தது. நகைக்கடைக்காரரின் பார்வை மெல்லக் கீழே இறங்கி, நாத்தனாரின் வெடித்த குதிகாலில் போய் நின்றது. அவர் மனைவி கையிலிருந்த கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“எனக்கு முதல்ல உறுத்தினது ஒரு பதில்,” என்றார் அண்ணி, நிதானமாக. “மோதிரம் தொலைஞ்சது முந்தாநாள் சாயங்காலம். இந்தப் பொண்ணு கையைப் பொத்தினதை என் நாத்தனார் பார்த்தது நேத்து காலையில. ஒருத்தருக்கு ஒரு தடவைதான் மண்ணுன்னா, நேத்தைய மோதிரம் இன்னைக்குப் புது மண்ணுக்குள்ள எப்படி வரும்? யாரா இருந்தாலும் அதைத்தான் முதல்ல கேட்பாங்க. மேலாளர் கேட்கல. ‘அப்போதான் எடுத்திருக்கா’ன்னார். அது அதே மண்ணுதான்னு அவருக்குத் தெரியும்.”

பூப்பாத்தியில் களிமண் கொட்டியிருந்தால் அது ஓடு போல இறுகியிருக்கும். அங்கே உதிரும் செம்மண். தினமும் மூட்டை பிரித்திருந்தால் சிலந்திக்கு அங்கே குடித்தனம் நடத்த முடியாது. நாத்தனாரின் மண்ணில் அடித்த ரோஜா வாடை, அவருக்கு முன்பே அங்கே படுத்த நகைக்கடைக்காரர் மனைவி தேய்த்துக்கொள்ளும் எண்ணெய். அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் தங்கள் கைகளைத் தங்கள் உடம்பிலிருந்தே தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள்.

கொட்டகையைத் திறக்கச் சொன்னார் நகைக்கடைக்காரர். வேறு வழியில்லாமல் மேலாளர் திறந்தார். உள்ளே ஒரு பெரிய தொட்டி, மோட்டார், அகலமான கம்பிச் சல்லடை, எண்ணெய் டப்பாக்கள். சல்லடையில் சிக்கியதையெல்லாம் போட்டு வைத்த ஒரு தகர டின் சுவரோரம் இருந்தது. சுருண்ட பிளாஸ்திரிகள், முடிக்கற்றைகள், ஒரு பொய் நகம், ஒரு நிஜ நகம். நாத்தனார் ஓடிப்போய்ச் செடிக்குப் பின்னால் வாந்தி எடுத்தார்.

“மோதிரம் இல்லையே மேடம்,” என்றார் மேலாளர். அந்த மெல்லிய குரல் இப்போது கரகரத்தது.

அண்ணி அவரைத் திட்டவில்லை. நோயாளியிடம் பேசுவது போலத்தான் பேசினார். “தம்பி, நேத்து காலையில சல்லடையில அது மின்னியிருக்கும். உடனே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நெனச்சிருப்பீங்க. ஆனா எங்கே கிடைச்சதுன்னு கேட்டா என்ன சொல்றது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒரு பொம்பளையைத் திருடியாக்கிட்டீங்க. இப்போ அது எங்கே கிடைச்சதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி அதை வெச்சிருக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்ல.”

மேலாளரின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்தில் ஆடிய தோல்பையின் பித்தானை அவிழ்க்க அவருக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. நகைக்கடைக்காரர் மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கல்லைப் பிடித்திருந்த கொக்கிகளின் இடுக்கில் சாம்பல் நிறக் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது.

“விக்கணும்னு நெனைக்கல,” என்றார் மேலாளர். அது உண்மையாகத்தான் இருக்கும். நாத்தனாருக்கு அந்த டின்னைவிட அதுதான் அதிக அருவருப்பாக இருந்தது. ஆசைக்காகத் திருடியிருந்தால்கூட மன்னிக்கலாம் போலிருந்தது.

நகைக்கடைக்காரரின் மனைவி பணிப்பெண்ணின் வெடித்த கைகளைப் பிடித்துக்கொண்டார். அண்ணி தொட்டி மண்ணை இரண்டு புட்டியில் எடுத்து மூடி, கொட்டகைச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். தன் பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தார். மூன்று மணிக்குள் சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்துவிடும். அவர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுக்கப் பணிப்பெண்ணை அலுவலக அறைக்கு அழைத்துப் போனார். நகைக்கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடவே போனார்.

அலுவலகப் படியேறும் முன் நாத்தனார் பணிப்பெண்ணை நிறுத்தினார். “என் வாய்தான் உன்னை இந்தப் பாடு படுத்திடுச்சும்மா.”

“போகட்டும்மா,” என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். பிறகு நினைவு வந்தவளாக, “தொட்டியை ஊற வெச்சிட்டு வந்தேன். காய்ஞ்சா கல்லா ஒட்டிக்கும். எழுதிக் கொடுத்துட்டுப் போய்த் தேய்க்கணும்,” என்றாள்.

அவ்வளவு சுலபமாகக் கிடைத்த மன்னிப்பு நாத்தனாருக்குச் செரிக்கவில்லை. விருந்தினர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கார்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் குளியல் குடிலுக்கு நடந்தார். உள்ளே யாரும் இல்லை.

தொட்டியின் விளிம்பெல்லாம் களிமண் பிடித்து இறுக ஆரம்பித்திருந்தது. நாத்தனார் புடவையை ஏற்றிச் செருகி, தொட்டிக்குள் இறங்கி மண்டியிட்டார். ஆணியில் தொங்கிய பிரஷை எடுத்துத் தேய்த்தார். முதலில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிட்டார். முதல் வாளி சாம்பல் கூழாக வந்தது, ஐந்தாவது வாளி பால் போல. அடியில் நீல ஜிகினா ஒட்டியிருந்த இடங்களை நகத்தால் சுரண்டி எடுத்தார். விரல் நுனிகள் எரிந்தன. இந்தக் கையோடு அவள் எப்படி மகளுக்குத் தலை பின்னுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

பதினோரு வாளி. ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் பூப்பாத்தியில் கொட்டினார். இத்தனை நாள் அங்கே போய்ச் சேருவதாகச் சொன்ன மண் அன்றைக்குத்தான் முதன்முதலாக அங்கே போய்ச் சேர்ந்தது. செம்மண் அதை மெல்லக் குடித்துக்கொண்டது.

கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு அலசி, தொட்டியின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். வழுக்கவில்லை. பிரஷை உதறி அதே ஆணியில் மாட்டினார். வாளியை இருந்த இடத்தில் கவிழ்த்தார். தரையில் பதிந்திருந்த தன் ஈரக்காலடிகளை, வாசலிலிருந்து பின்வாங்கிக்கொண்டே, ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு வெளியேறினார்.