நிற்காத கடைசிச் சுற்று

மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் நாங்கள் குடிபுகுந்த வீடு பெரிய வீதியிலிருந்து உள்ளே தள்ளி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்குப் பின்னால் இருந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த வீடு. கூரையில் வௌவால் நாற்றம், சுவரெல்லாம் ஈரக்கறை. பின்னறைக்குள் பகலிலும் விளக்கு வேண்டும். என் கணவர் நடராஜாவுக்கோ அது அரண்மனை. சாமான்களை இறக்குவதற்கு முன்பே பின்னறையில் போய் நின்று கையைத் தட்டிப் பார்த்தார்.

"கேட்டியா பாலா, என்ன எக்கோ."

"கூரையில ஓட்டை இருக்கு. அதையும் கொஞ்சம் கேளுங்க" என்றேன்.

இந்த வீட்டை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன்.

மழை பொய்த்து, நாடு முழுவதும் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்த தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. கண்டி ஹோட்டல்களில் நடக்கும் டான்ஸ்களுக்கு ரெக்கோட் போடுவது அவர் தொழில். ரெக்கோட்டுகள் ஜெர்மனியிலிருந்து வரும். அவரோடு பள்ளியில் படித்த ஜுனைதீன் பெர்லினில் பகலில் ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவி, இரவில் சொந்தமாக இசைத்தட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தான். யாராவது லீவில் வந்தால் புதிதாக வந்தவற்றைக் கட்டி அனுப்புவான். அட்டையில் படம் இருக்காது, பெயர் இருக்காது. தட்டின் நடுவில் வெள்ளைத்தாளும் ஒரு ரப்பர் முத்திரையும் மட்டும். பெற்றவனே பெயர் வைக்க வெட்கப்பட்ட பிள்ளைகள் என்று நான் சொல்வேன். "அண்டர்கிரவுண்ட்னா அப்பிடித்தான்" என்பார் அவர். ஒருமுறை செக் பாயிண்டில் பெட்டியைத் திறக்கச் சொன்ன சிப்பாயிடமும் இதே சொல்லைச் சொல்லி விளக்கப் போய், பாதி நாள் வெயிலில் நின்றார். தமிழன் வாயில் அந்தச் சொல்லைப் போர் நடந்த அந்த வருடம் யார் ரசிப்பார்கள்?

எனக்கு அந்த இசையைக் கண்டாலே ஆகாது. பாட்டும் கிடையாது, ராகமும் கிடையாது. ஒரே அடி. தலையில் ஆணி அறைவதைப் போல விடாமல் ஒரே அடி.

நாங்கள் வந்த மாதமே அந்தத் தட்டு வந்தது. ஒரு பக்கம்தான் கோடுகள் இருந்தன. மறுபக்கம் கண்ணாடிபோல வழவழவென்று வெறுமையாக இருந்தது. நடராஜா அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிப் பின்னறையில் இருந்த டர்ன்டேபிளில் வைத்தார். எந்த வேகத்தில் போட வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கவில்லை. நாற்பத்தைந்தில் போட்டார். வழக்கமான டமடமதான், ஆனால் உள்ளே ஏதோ தோல் மேளம் துள்ளியது. இடையிடையே குருவி கத்துவதுபோல ஒரு கீச்சுக்குரல்.

"சனிக்கிழம டான்ஸுக்கு இதுதான் போடப்போறேன். தரையே அதிரும் பாரு" என்றார்.

இசை முடிகிற இடத்தில் முடியவில்லை. கீச்சுக்குரலும் இரண்டு மூன்று அடியும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. தட்டில் கீறலா என்று கேட்டேன். சிரித்தார். கடைசிக் கோட்டை வேண்டுமென்றே வட்டமாக மூடிவிடுவார்களாம். யாராவது ஊசியைத் தூக்கும்வரை அது அதே இடத்தில் சுற்றுமாம், வருடக்கணக்கில் விட்டாலும். அப்படியே சுற்றவிட்டு, சிகரெட் வாங்கச் சந்திக் கடைக்குப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நிறுத்தலாம் என்று போனேன். ஊசியைத் தூக்கப் போன விரல் பக்கத்திலிருந்த வேகப் பொத்தானில் பட்டுவிட்டது. நாற்பத்தைந்து முப்பத்து மூன்றாக இறங்கியது.

அடி மெதுவாகியது. துள்ளல் போய்விட்டது.

என் கை அந்தரத்திலேயே நின்றது.

அது தப்பு மேளம். லயம் என்கிற எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் பிணம் தூக்கும்போது அடிக்கிற சாவு மேளம்.

ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று காது தானாகப் பிரித்துக்கொள்ளும். என் அப்பாவைத் தூக்கிப் போன அன்று கேட்ட அதே அடி. குருவிக்குரல் இப்போது குருவிக்குரலாக இல்லை. கரகரத்த ஒரு கிழவனின் குரல்.

"முடிக்க விடுங்க."

மீண்டும் இரண்டு அடி.

"முடிக்க விடுங்க."

பின்னறைக்குள் வைக்கோல் கருகும் வாடை அடித்தது. தப்பின் தோலை முறுக்கேற்ற வைக்கோல் தீயில் காட்டுவார்கள். அந்த வாடை. எங்கள் வீட்டிலோ வைக்கோலும் இல்லை, தீயும் இல்லை. ஊசியைப் பிடுங்காத குறையாகத் தூக்கினேன்.

நடராஜா வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"அந்தத் தப்பு யாரு அடிச்சது?"

அவர் முகம் மாறியது. "காளிமுத்து. ஒங்க தோட்டத்து ஆளுதான்."

"எங்க வச்சு?"

"இங்கதான். பின்ரூம்ல. போன வருசம் ஜுனைதீன் லீவுல வந்தப்ப வீடு சும்மா கெடந்துச்சு. நல்ல எக்கோன்னு சாவிய வாங்கி..."

"அது சாவு மேளம்னு அவரு சொல்லலியா?"

"சொன்னாரு. பொணம் இல்லாம அடிக்க மாட்டேன்னு பிடிவாதமா நின்னாரு. நான்தான் சாராயம் வாங்கிக் குடுத்தேன்."

"முடிச்சாரா?"

"டேப் முடிஞ்சிருச்சு பாலா. போதும்னு சொன்னா மனுசன் கேக்கல்ல. முடிக்க விடுங்க, முடிக்க விடுங்கன்னு ஒரே நச்சரிப்பு. பஸ் ஏத்தி அனுப்பிட்டோம். அந்தக் கொரலும் டேப்புல விழுந்திருந்துச்சு. ஜுனைதீன் அதையே கடைசிச் சுத்துல வச்சுட்டான். நல்லாத்தானே இருக்கு."

நல்லா இருக்கு. கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

என் கணவர் டவுனில் கடை வைத்திருந்தவரின் மகன். அவருக்கு அது நல்ல தாளம், அவ்வளவுதான். லயத்தில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும், சாவு மேளத்தைத் தொடங்கினால் உடம்பு குழிக்குள் போகும்வரை நிறுத்தக்கூடாது. குழி மேட்டில் நின்று கடைசி அடி அடித்துத் தப்பைக் கவிழ்த்த பிறகுதான் மேளக்காரர் முகம் கழுவுவார். பிணம் இல்லாத வீட்டில் தொடங்கினால் அந்த வீடு ஒரு பிணம் தந்தாக வேண்டும். டேப் எடுத்த அதே மாதம் காளிமுத்து செத்துப்போனார். ஊரில் எல்லோருக்கும் அடித்தவருக்கு அடிக்க வேறு ஆள் இல்லை. ஓர் அடிகூட இல்லாமல் குழிக்குப் போனார்.

"அத ஒடைச்சுப் போடுங்க."

"பைத்தியமா? மொத கொப்பி இது."

அன்று சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. மாத்தளையில் டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்று குளிசை கொடுத்தார். குளிசைக்கு அது இறங்கவில்லை. கண்ணைத் திறக்காமல் படுத்தே கிடந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் அடங்காத கோபம். ஆனால் அவர் இல்லாத ஒரு நாளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. வானம் பெய்வேன் பெய்வேன் என்று கறுத்து நின்றது. மிளகுமரங்களில் ஓர் இலை அசையவில்லை. நான் கஞ்சிக்கு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் வாடை வந்தது.

வைக்கோல்.

பிறகு பின்னறையிலிருந்து அடி.

கரண்ட் இல்லை. ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. டர்ன்டேபிள் சுற்றிக்கொண்டிருந்தது. காய்ச்சல் தொடங்கிய அன்றே நான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய தட்டு அதன்மேல் இருந்தது. ஊசி கடைசிக் கோட்டில்.

"முடிக்க விடுங்க."

ஊசியைத் தூக்கினேன்.

அடி நிற்கவில்லை.

தட்டைப் பிடுங்கினேன். நெருப்பில் காட்டிய தோல்போலச் சுட்டது. கதவு நிலையில் ஓங்கி அடித்தேன், வளைந்ததே தவிர உடையவில்லை. அடி இப்போது தரையிலிருந்து வந்தது. ஒவ்வோர் அடிக்கும் உள்ளங்காலில் அதிர்ந்தது. ஒவ்வோர் அடியும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாமதமாக விழுந்தது.

முன்னறைக்கு ஓடினேன். நடராஜாவின் நெஞ்சு அந்த அடிக்கு ஏறி, அந்த அடிக்கு இறங்கியது. அடி தாமதித்தால் மூச்சும் தாமதித்தது.

"ஏங்க. எந்திரிங்க. ஏங்க."

போர்வையை இழுத்தேன்.

அவருடைய கால் பெருவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

பிணத்துக்குக் கட்டுவதுபோல.

நகத்தால் கிள்ளினேன், பல்லால் இழுத்தேன். முடிச்சு இளகவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் சாராய வாடையோடு ஒரு மூச்சு வந்தது.

"ஒடம்பு எங்க?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருப்பேனோ என்னவோ.

"தாறேன்" என்றேன். "ஒடம்பு தாறேன். இவர விட்ருங்க."

பெட்டியைத் திறந்து அவருடைய கல்யாண வேட்டியை எடுத்தேன், பச்சைக் கரை போட்டது. தட்டை அதில் கிடத்தி, தலைக்கு ஒரு முடிச்சு, காலுக்கு ஒரு முடிச்சு போட்டு மூடினேன். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் திருநீறு வைத்தேன். கிணற்றடி வாழைக்குக் கீழே மட்டும்தான் அந்த வறட்சியிலும் மண் ஈரமாக இருந்தது. மண்வெட்டியால் குழி வெட்டினேன். அடி எனக்குப் பின்னாலேயே வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கிணற்றடிக்கும் வந்தது. ஒருவர் நடந்துகொண்டே அடிக்கிற அடி. நான் குனிந்தே இருந்தேன்.

மூட்டையைக் குழிக்குள் இறக்கி, கையால் மண் தள்ளினேன். அடி என் தலைக்கு மேலே நின்று வேகமெடுத்தது. குழி மேட்டு அடி. அப்பாவின் குழியில் கேட்டது. கடைசியில் ஒரு பலத்த அடி விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை. வாழையிலையில் முதல் மழைத்துளி விழுந்த சத்தம் கேட்டது.

உள்ளே ஓடினேன். நடராஜா எழுந்து உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. காலில் ஒரு கட்டும் இல்லை.

"கஞ்சி இருக்கா பாலா? பசிக்குது" என்றார். நான் அவர் மடியில் விழுந்து சத்தமாக அழுதேன்.

சனிக்கிழமை டான்ஸுக்கு நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் ஜுனைதீனுக்குப் போன் பேசிவிட்டு வந்தார். தட்டைக் குழியில் போட்டதற்கு என்மேல் கோபமாக இருந்தவர், திரும்பி வரும்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"நீ ஒண்ணப் பொதச்சா என்ன. அங்க அச்சடிச்சது எல்லாம் வித்துருச்சாம். பெர்லின், லண்டன் எல்லாக் கடையிலயும் கேக்குறாங்களாம். இன்னும் அச்சடிக்கக் குடுத்திருக்கான்."

"எல்லாத்துலயும் அந்தக் கடைசிச் சுத்து இருக்கா?"

"இல்லாம? அதுதான் எல்லாருக்கும் புடிச்சிருக்காம். விடிய விடிய அதையே சுத்தவிட்டு ஆடுறாங்களாம்."

நான் புதைத்தது ஒன்றை. பார்த்தே இராத ஊர்களில், பெயர் தெரியாத வீடுகளில், எங்கள் பின்னறையில் தொடங்கிய சாவு மேளம் முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அத்தனைக்கும் உடம்பு தர வேண்டிய வீடு இதுதான்.

அவர் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தார். நான் திருநீற்றுக் கிண்ணமும் கையுமாக அவர் காலடியில் உட்கார்ந்தேன், அந்தப் பாதங்களிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். இறக்கி வைத்துவிட்டு உடனே வந்தேன்.

வீட்டில் அடி ஒன்றும் கேட்கவில்லை. வைக்கோல் வாடை மட்டும்.

அவர் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. இந்த முறை கிழிசலில் பச்சைக் கரை இருந்தது. கிணற்றடி ஈரமண் அதில் இன்னும் ஒட்டியிருந்தது.