படகில் இரண்டு பேர்

நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் அழிக்கப்பட்டதாகத் திரை காட்டியது. நானூற்றுப் பதின்மூன்று என்றல்லவா வந்திருக்க வேண்டும்? கிளெனிஸ் காலையிலேயே எண்ணி வைத்திருந்தாள்.

டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், படகுத்துறைக்கு மேலே இருந்தது அந்த வானொலி அறை. கடலுக்குக் கிளம்பும் படகு எத்தனை பேர் என்று கூப்பிட்டுச் சொல்லும். திரும்பியதும் மறுபடி சொல்லும். இரண்டையும் அங்கே வேலை பார்க்கும் கிளெனிஸும் கோலினும் கோப்பில் ஏற்றுவார்கள். கோப்பு ஊதிப்போய்க் கணினி திணறியதால், தொண்ணூறு நாள் தாண்டியதை அழிக்க கோலின் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், சும்மா இருக்க மாட்டார்.

அவள் கணவன் நெவ்வின் படகு திரும்பாமல் போய் இன்று தொண்ணூற்றொன்றாம் நாள்.

"இந்த ஸ்கிரிப்ட்ட நானே ஓட்டிக்கறேன், கிளென். நீ வீட்டுக்குப் போ," என்று மதியம் கோலின் சொல்லிப் பார்த்தார்.

"பரவால்ல. நானே பண்றேன்."

அழுகையெல்லாம் தீர்ந்து வெகுநாளாயிற்று. மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுவதைப் போலத்தான் அந்தப் பதிவை அவள் தினமும் திறந்து பார்த்தாள். நெவ்வின் படகு. இரண்டு பேர். திரும்பிய நேரம், காலி.

அதில் ஒரு பொய் இருந்தது. அன்று இருவரும் கிளம்பியதாக நெவ் சொல்லிவிட்டான். பிறகுதான் சண்டை வந்தது, இவள் துறையிலேயே இறங்கிவிட்டாள். மஞ்சள் மழைக்கோட்டுகூடப் படகிலேயே தங்கிவிட்டது. வீம்பில் அவனும் திருத்தவில்லை, இவளும் திருத்தவில்லை.

இப்போது அந்த ஒரு பதிவு மட்டும் அழியாமல் நின்றது. தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதி.

கோலின் ஏதோ தப்பாக எழுதித் தொலைத்திருப்பார் என்று மறுபடி ஓட்டினாள். அழிக்கப்பட்டவை, பூஜ்யம்.

மணி நாலு. குளிர்கால வெளிச்சம் சன்னலில் பழுப்பாகத் தேங்கியிருந்தது. வானொலியின் இரைச்சலுக்கு அடியில், முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலும் பிறகு சந்தேகமில்லாமலும், இருமி இருமி ஓடும் ஒரு பழைய இன்ஜினின் சத்தம் கேட்டது. டீசல் வாடை. அழுகிய தூண்டில் இரையின் வாடை.

வானொலி கரகரத்தது.

"திரும்பிட்டோம்." நெவ்வின் குரல். தண்ணீர் கொப்பளிக்கும் குரல். "ரெண்டு பேரும்."

அவள் விரல்கள் பழக்கத்தில் நேரத்தைத் தட்டின. நாலு பத்து.

"நீ யாரோட இருக்க, நெவ்?"

"வேற யாரு, கிளெனிஸ்தான். வீட்டுச் சாவி மேல ரேடியோ ரூம்ல இருக்காம். எடுக்க வர்றா."

மரப்படியில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று.

அவள் எழவில்லை. பயம்கூட வரவில்லை.

கதவின் கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் மழைக்கோட்டு வந்து நின்றது. தொப்பி தலைக்கு மேல் இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே ஆள் இருந்தது.

அதன் கையில், அவளுடைய கல்யாண மோதிரம்.

தன் விரலைப் பார்த்தாள். வெறுமை.

கதவுப்பிடி திரும்பியது.