முதலைமூக்கன் புகுந்த ஏரி

"விஷக்காரி வெளியே போ! விஷக்காரி வெளியே போ!"

ஊர்க்கூடத்தின் கூரை அதிர்ந்தது.

மேடையில் மைக்கை நெரித்துப் பிடித்தபடி நின்றிருந்தாள் வெர்லா ஹாகன். மாநில மீன், வனவிலங்குத் துறையின் உயிரியலாளர். மொன்டானா மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஹாலோவே ஏரியும், அதில் நீந்துகிற ஒவ்வொரு மீனும் அவள் பொறுப்பு.

"கத்தி முடிச்சாச்சா?" என்றாள். "இப்ப நான் கத்தலாமா?"

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஐரா ஸ்டாம்பர். ஏரிக்கரையில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏம்மா! என் மாடு குடிக்கிற தண்ணியில விஷம் கொட்டுவே... நான் வேடிக்கை பாக்கணுமா?"

"அது விஷம் இல்ல ஐரா, மருந்து. செவுள் வழியா மூச்சு விடுற உயிரை மட்டும்தான் கொல்லும். உங்க மாட்டுக்குச் செவுள் இருக்கா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐராவின் முகம் இன்னும் சிவந்தது.

"நக்கலா? உன் ஆளு எவனாவது ஏரியில காலை வெச்சான்... சுட்டுடுவேன்!"

"முதல்ல சுட வேண்டியவன் வேற ஒருத்தன்!" வெர்லா மேஜையை அறைந்தாள். "எவனோ ஒரு களவாணி, பைக்குன்னு ஒரு வெளியூர் வேட்டை மீனை வாளியில கொண்டாந்து நம்ம ஏரியில கொட்டியிருக்கான். நீங்கதான் அதுக்கு முதலைமூக்கன்னு பேர் வெச்சீங்க. அது நம்ம நாட்டு மீனான ட்ரவுட்டோட குஞ்சை ஒண்ணு விடாம முழுங்குது! இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி நாட்டு மீனை விட்டாத்தான் ஏரி பிழைக்கும். மீனைக் கொல்லணும்னு எனக்கென்ன வேண்டுதலா? இருபது வருஷமா காப்பாத்துன மீனை என் கையாலயே..."

குரல் உடைந்தது. உடைந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் அவள் சட்டைப்பையில் செல்போன் அலறியது.

ஷெரிஃப் ஆர்லன் க்ரோஸ்ட். ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போலீஸ் தலைவர்!

"வெர்லா... உடனே ஏரிக்கு வாங்க."

"கூட்டம் நடந்துக்கிட்டிருக்கு ஷெரிஃப்."

"கூட்டத்தை விடுங்க. உங்க ஆளு லீலண்ட்..."

"லீலண்டுக்கு என்ன?"

"தண்ணியில மிதக்கிறான்."

---

லீலண்ட் ஓக்ஸ்.

வெர்லாவோடு அதே துறையில் அதே இருபது வருஷம் வேலை பார்த்தவன். மத்தி மீன் டப்பாவைத் திறந்து ரொட்டியில் வைத்துக்கொண்டே, "மன்னிச்சிடு தம்பி, நீ கடல் மீனு, என் அதிகாரத்துல வரல" என்று அதனிடம் பேசிவிட்டுத் தின்பவன். இப்போது கரையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தான்.

"வலையை இழுக்கும்போது கால் வழுக்கியிருக்கும்" என்றார் ஷெரிஃப். நல்ல உயரம். சாந்தமான முகம். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தார். "ரப்பர் உடுப்புக்குள்ள தண்ணி புகுந்தா யாரால நீந்த முடியும்? பாவம்..."

"அவனோட மிதவைச் சட்டை எங்க?"

"படகுலதான் கிடக்கு."

"படகுலயா?" வெர்லா திரும்பினாள். "குளிக்கத் தொட்டியில இறங்குனாக்கூட மிதவைச் சட்டை போட்டுட்டு இறங்குற ஆளு அவன்!"

குனிந்து தார்ப்பாயை விலக்கினாள். தலையைத் திருப்பினாள்.

பின்மண்டையில் பிளவு!

"இது வழுக்கி விழுந்த காயமா ஷெரிஃப்? படகு பின்னாலயிருந்து வந்து அடிச்சுதா?"

ஷெரிஃப் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அப்போ கொலை. கொலைன்னா... யாருன்னு ஊருக்கே தெரியுமே! இப்பதானே ஊர் முன்னாடி எழுந்து நின்னு சுடுவேன்னு கத்துனானாம்?"

"ஐரா கூட்டத்துல இருந்தாரு."

"இவன் செத்தது கூட்டத்துக்கு முன்னாடின்னு டாக்டர் சொல்றாரு. ஐரா பண்ணையோ பக்கத்துல. அடிச்சிட்டு நேரா கூட்டத்துக்கு வந்து உக்காந்திருக்கான். என்ன நெஞ்சழுத்தம்!"

சாயங்காலத்துக்குள் ஐராவின் கையில் விலங்கு ஏறியது. காலையில் அவரோடு சேர்ந்து கத்திய ஊர், இப்போது அவர் பண்ணை வாசலில் நின்று 'கொலைகாரா' என்று கத்தியது.

வெர்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் விஷக்காரி! சாயங்காலம் கொலைகாரன்! கத்த ஒரு ஆள் கிடைத்தால் போதுமா இந்த ஊருக்கு?

---

அலுவலகத்தில் லீலண்டின் மேஜை அப்படியே இருந்தது. பாதி தின்ற ரொட்டி. நுண்ணோக்கி. அதன் கண்ணாடித் தகட்டில் பட்டாணியை விடச் சின்னதாக ஒரு வெள்ளைக் கல்.

"இது என்ன?" என்றாள் டெஸ் மொரான். துறையின் வேட்டைக் காவல் அதிகாரி. இடுப்பில் துப்பாக்கி, வாயில் சூயிங்கம்.

"முதலைமூக்கனோட காதுக்கல்லு. ஒவ்வொரு மீனுக்கும் காதுக்குள்ள இருக்கும். மரத்துக்கு வளையம் விழுற மாதிரி இதுலயும் வருஷா வருஷம் வளையம் விழும். மீன் எந்தத் தண்ணியில வளருதோ அந்தத் தண்ணியோட உப்பு இதுல படியும்." வெர்லா கண்ணைத் துடைத்தாள். "நேத்து போன்ல சொன்னான் டெஸ்... 'பாஸ், சூப்பர் விஷயம் ஒண்ணு மாட்டியிருக்கு, கூட்டம் முடிஞ்சதும் காட்டுறேன்'னான். 'அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட சொல்லணும்'னான்."

"யார்கிட்ட?"

"கேக்கல! கூட்டத்துல என்ன பேசுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

ஒரு நொடி. இரண்டு நொடி...

"அடப்பாவி!"

"என்ன? என்ன தெரியுது?"

"நம்ம ஏரி பனிக்காலத்துல உறையும். மீன் வளராம நிக்கும். காதுக்கல்லுல கறுப்புக் கோடு விழும். இதுல வெளி ஓரத்துல கோடு இருக்கு. ஆனா நடுவுல... குஞ்சாயிருந்த காலத்துல... ஒரு கோடுகூட இல்ல!"

"அப்படின்னா?"

"பனிக்காலமே இல்லாத தண்ணியில பொறந்து வளர்ந்திருக்கு டெஸ்! வெந்நீர்ல! எவனோ வீட்டுல குளம் கட்டி வளர்த்து, பெருசானதும் ஏரியில விட்டிருக்கான். லீலண்ட் அதைக் கண்டுபிடிச்சிட்டான். அதுக்குத்தான் செத்தான்!"

டெஸ் சூயிங்கம் மெல்வதை நிறுத்தினாள்.

"வெர்லா... இந்தப் பக்கத்துல வெந்நீர் ஊற்று ஒண்ணுதான்."

"தெரியும்."

"ஐரா பண்ணையில!"

---

"முடிஞ்சுது!" போனில் ஷெரிஃபின் குரலில் உற்சாகம். "மீன் விட்டதும் ஐரா. கொன்னதும் ஐரா. பிரமாதம் வெர்லா! நானே உங்களுக்கு மெடல் குத்தறேன்."

வெர்லாவுக்கு மெடல் வேண்டியிருக்கவில்லை. ஐராவின் மூஞ்சியைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

கம்பிக்குப் பின்னால் ஐரா எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா? காறித் துப்பத்தானே வந்தே? துப்பு. வரிசையா எல்லாரும் துப்பிட்டுப் போயிட்டாங்க."

"லீலண்டை ஏன் கொன்னீங்க?"

ஐரா நிமிர்ந்தார். கண்ணில் நெருப்பு.

"ஏம்மா... உன்னைத் திட்டுனேன். சுடுவேன்னேன். இனிமேலும் சொல்லுவேன்! உன் டிபார்ட்மெண்ட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனா என் வேலியைத் தாண்டிப் போற கவர்மெண்ட் ஆளுங்கள்ல, கதவைத் திரும்பச் சாத்திட்டுப் போறவன் அவன் ஒருத்தன்தான்! போன பனியில என் கன்னுக்குட்டி சேத்துல மாட்டுனப்போ இடுப்பளவு தண்ணியில இறங்கித் தூக்கிக் குடுத்தான். அவனைக் கொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

"உங்க வெந்நீர் ஊற்றுல பைக் மீன் வளர்த்தீங்களா?"

"என் ஊற்றுலயா?" ஐரா சிரித்தார். கசந்த சிரிப்பு. "அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். தவளைகூட அதுல எட்டிப் பாக்காது. போய்த் தண்ணி எடுத்துச் சோதிச்சுப் பாரு. அதுதானே உன் பொழைப்பு? பண்ணு!"



வெர்லா போய்த் தண்ணீர் எடுத்தாள். காதுக்கல்லோடு சேர்த்து ஆய்வுக்கு அனுப்பினாள்.

---

மாநில ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

பொருந்தவில்லை!

காதுக்கல்லில் படிந்திருந்த உப்பு வேறு. ஐராவின் ஊற்றில் இருந்த உப்பு வேறு. மீன் அங்கே வளரவே இல்லை!

வெர்லா வண்டியை எடுத்தாள். டெஸ்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஷெரிஃப் வீட்டுக்கு வந்துடு. ஐராவை இன்னிக்கே வெளிய விடச் சொல்லணும். விடமாட்டேன்னா நீயும் சேர்ந்து கத்தணும்."

"கத்துறதுக்கா? பறந்து வரேன்!"

ஷெரிஃபின் வீடு ஊருக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவில். புல்லெல்லாம் உறைபனி. ஷெரிஃப் முற்றத்தில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் தடித்த ரப்பர் கையுறை. தலையில் அகன்ற தொப்பி.

"வாங்க வெர்லா! ஞாயித்துக்கிழமைகூட ஓய்வு இல்லையா?"

"ஐரா நிரபராதி ஷெரிஃப். தண்ணி பொருந்தல. மீன் வளர்ந்தது வேற எங்கயோ. அவரை..."

நின்றாள்.

குழாய் நீர் ஜீப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

விழுந்த இடத்திலெல்லாம்... ஆவி!

குபுகுபுவென்று வெள்ளை ஆவி!

"அவரை?" என்றார் ஷெரிஃப்.

"தண்ணி... சூடா இருக்கே."

"ஆழ்துளைக் கிணறு. போட்டு நாலஞ்சு வருஷம் ஆச்சு. பூமிக்கு அடியில கொதிக்குது. ஆறவெச்சுப் புழங்கினா பனிக்காலத்துல ரொம்ப வசதி."

வெர்லாவின் பார்வை கொட்டகைப் பக்கம் போனது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சிமெண்ட் தொட்டி. தண்ணீரில் ஏதோ சளக்கென்று புரண்டது.

'ஒருத்தர்கிட்ட சொல்லணும்...'

குற்றத்தைக் கண்டுபிடித்தவன் யாரிடம் போவான்?

போலீஸிடம்!

அவளுக்குப் பயம் வரவேண்டிய இடம். வரவில்லை. வந்தது கோபம்.

"உங்ககிட்டதான் வந்தானா?"

"யாரு?"

"நடிக்காதீங்க!"

ஷெரிஃபின் சாந்தமான முகம் மெதுவாகக் கழன்றது. கையிலிருந்த குழாய் தரையில் விழுந்து பாம்பாக நெளிந்தது. ஒரு கையுறையை உருவி எறிந்தார். அந்தக் கை இடுப்புக்குப் போனது. வெளியே வந்தபோது அதில் துப்பாக்கி!

"ஏரியில வலை இழுத்துக்கிட்டே சொல்றேன்னு அன்னிக்குக் காலையிலயே வரச் சொன்னான்" என்றார். "'ஷெரிஃப், சூடான கிணறு யார் யார் வீட்டுல இருக்குன்னு தேடப் போறேன், துணைக்கு வாங்க'ன்னான். என்னையே கூப்பிடறான்! சிரிப்பு வந்துடுச்சு. அவன் குனிஞ்சப்போ துடுப்பை எடுத்தேன்."

"மிதவைச் சட்டை?"

"அடிச்சப்புறம் கழட்டிட்டேன். இல்லேன்னா தண்ணியில மூழ்கிச் செத்தான்னு எவன் நம்புவான்?"

"ஒரு மீனுக்காகவா? ஒரு மீனுக்காகவா ஒரு மனுஷனைக் கொன்னே?"

"நான் பொறந்து வளர்ந்த மினசோட்டாவுல வந்து கேளு! பைக்தான் மீன்! தூண்டில்ல மாட்டுனா அரை மணி நேரம் மல்லுக்கு நிக்கும். உன் ட்ரவுட்டெல்லாம் எங்க ஊர்ல தூண்டில் இரை! விட்டது நான்தான்னு தெரிஞ்சா அடுத்த தேர்தல்ல எனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"அந்த ட்ரவுட் இந்த ஏரிக்கு வந்தப்போ மனுஷனே இங்க வரல! லீலண்ட் அதுக்காகப் பனியில, சேத்துல, வருஷக்கணக்கா..."

"அவன் பின்னாடியே போ." துப்பாக்கி உயர்ந்தது. "ஐராவோட ஆளுங்க சுட்டாங்கன்னு எழுதிக்கிறேன்."

வெர்லா குனிந்தாள்.

ஷெரிஃப் அவள் மண்டியிடுகிறாள் என்று நினைத்தார்.

அவள் எடுத்தது குழாயை!

சுர்ர்ர்ர்!

கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் நேராக ஷெரிஃபின் முகத்தில் அறைந்தது.

"ஆஆஆ!"

துப்பாக்கி வானத்தைச் சுட்டது. மரத்திலிருந்து காக்கைகள் சிதறின. தொப்பி கழன்று மல்லாந்து விழுந்தது. வெர்லா விடவில்லை. துப்பாக்கி கையை விட்டு நழுவும் வரைக்கும் அடித்தாள். நழுவிய பிறகும் அடித்தாள்.

"இது லீலண்டுக்கு! இது ஐராவுக்கு! இது... இது எனக்கு!"

"வெர்லா! போதும்! வெந்துடப் போறான்!"

டெஸ்! வண்டியை நிறுத்தாமலே குதித்து ஓடி வந்தாள். தரையில் கிடந்த துப்பாக்கியைக் காலால் தள்ளினாள். ஷெரிஃபைக் குப்புறக் கவிழ்த்துக் கையை முறுக்கினாள்.

"நீ... நீ மீன் போலீஸ்!" அவன் சேற்றில் முனகினான். இனி அவனுக்கு என்ன 'அவர்'? "ஷெரிஃபை நீ எப்படிப் பிடிப்பே?"

"மாநிலச் சட்டத்துல எனக்கும் அதே அதிகாரம்தான் ஆர்லன். தூண்டில் லைசென்ஸ் மட்டும் கேக்கறவள்னு நெனச்சியா?"

க்ளிக்! விலங்கு பூட்டியது.

வெர்லா தன் வண்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்து வந்தாள். காதுக்கல்லின் உப்போடு ஒப்பிட்டுப் பார்க்க, குழாயைத் திருப்பி அதில் ஆவி பறக்கும் தண்ணீரைப் பிடித்து மூடினாள். கொட்டகைத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். குட்டி முதலைமூக்கன்கள் வரிசையாக முறைத்தன.

லீலண்ட் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தாள்.  அழுதாள். சிறைக் காவலருக்குப் போன் செய்து ஐராவைக் கூப்பிடச் சொல்லி, அவரிடம் விஷயத்தைச் சொல்லும்போதும் அழுதுகொண்டேதான் சொன்னாள். மறுமுனையில் ஐராவின் குரல் கரகரத்தது.

"ஏம்மா... அவனை அடக்கம் பண்றப்போ சொல்லு. பெட்டியைத் தூக்க நான் வரேன்."

டெஸ் வண்டிக் கதவைத் திறந்து ஆர்லனை உள்ளே திணித்தாள். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. ஆனால் திமிர் குறையவில்லை.

"கோர்ட்டுல என்ன சொல்லுவீங்க? நான் சொன்னதை வேற எவன் கேட்டான்? ஒரு மீனோட பேச்சை நம்பி ஷெரிஃபைப் பிடிச்சோம்னா? ஜட்ஜ் விழுந்து விழுந்து சிரிப்பாரு!"

வெர்லா குடுவையை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"மீன் பேசாது ஆர்லன்... ஒட்டுக்கேக்கும்!"