ஆறு மணி நாடி

படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே தில்ஷாத் இடது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். எழுபத்தெட்டு. உட்கார்ந்திருந்தபோதும் எழுபத்தெட்டுதான்; மூன்று மாடி ஓடி ஏறியும் அதே எழுபத்தெட்டு. நாளைய செய்முறைத் தேர்வுக்காகப் பழகிப் பார்த்தவள் மறுபடியும் எண்ணினாள்; அதேதான்.

ஓசூரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் மேல்மாடியே விடுதி. மருத்துவர் உதவியாளர் படிப்பு, முதல் வருடம். மற்றப் பெண்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். மழைக்கு முந்திய புழுக்கத்தில் டெட்டால் நெடியும், வார்டிலிருந்து படியேறி வரும் ஈரத்துணி வாடையும், தொழிற்பேட்டையில் எங்கோ இரும்பு இரும்பில் விழும் ஓசையும் அறைக்குள் வந்து தங்கின. அந்த ஓசையையும் அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

சீனியர் சுக்ரா கொடுத்த நோட்டில் முதல் வருடத்தைத் தாண்டும் வழிகள் இருந்தன. அதில் ஒன்று: பரீட்சை நெருங்கினால், இரண்டு மணிக்கே நாலு மணி, ஆறு மணி நாடியையும் நோயாளியின் சார்ட்டில் எழுதிவிடு. யாரும் பார்ப்பதில்லை.

நேற்று அப்படித்தான் செய்தாள். கெலமங்கலத்திலிருந்து வயிற்று ஆபரேஷனுக்கு வந்திருந்த நாகம்மாள் அவளைக் கண்டதும் காய்த்துப்போன கையை நீட்டினாள்.

"கையப் பாத்துச் சொல்லு கண்ணு."

"நல்லா இருக்குதும்மா."

தொடவே இல்லை. மூன்று கட்டத்திலும் 78 போட்டுவிட்டு எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்யப் போனாள். ஐந்தரைக்கு வந்தபோது அந்தக் கை நீட்டியபடியே இருந்தது, சில்லிட்டு. சார்ட்டில் மட்டும் நாகம்மாள் ஆறு மணிக்கும் உயிரோடு இருந்தாள்.

தாளை உருவிப் புத்தகத்துக்குள் ஒளித்தாள். "நாலு மணிக்குப் பாத்தேன்க்கா, நல்லாத்தான் இருந்தாங்க" என்று நர்ஸ் சரசம்மாவிடம் சொன்னாள். அந்தப் பொய் நினைவுக்கு வரும்போதெல்லாம் உடம்பு கூசியது. சோற்றில் கை வைக்கவே வெட்கமாக இருந்தது.

கம்பெனிச் சங்கு ஊதியது. ஆறு மணி. கரண்ட் போனது.

ஜன்னல் வெளிச்சத்தில் புத்தகம் தானாகப் பிரிந்து கிடந்தது. சார்ட் வெளியே. நாகம்மாள் என்றிருந்த இடத்தில் தில்ஷாத் என்றிருந்தது. அவள் கையெழுத்து. மூன்று கட்டம். 78. 78. 78.

மணிக்கட்டில் மூன்று விரல்கள் பதிந்தன.

காய்த்துப்போன விரல்கள். ஐஸ் மாதிரி. அவசரமே இல்லாமல் எண்ணின.

படியில் செருப்புச் சத்தம். வாசலில் சரசம்மா, டார்ச்சுடன்.

"தில்ஷாத், உண்மையச் சொல்லு. நாலு மணிக்கு நீ பாத்தியா? அந்தம்மா மக வந்து அழுவுது."

சொல்லிவிடலாம். இப்போதே. விரல்களும் எண்ணுவதை நிறுத்திக் காத்திருந்தன.

"பாத்தேன்க்கா."

விரல்கள் விலகின. அவள் தன் மணிக்கட்டைத் தொட்டாள். ஒன்றுமில்லை. கழுத்தில் தொட்டாள். அங்கும் இல்லை.

"அக்கா..." என்று கையை நீட்டினாள். "கையப் பாத்துச் சொல்லுங்கக்கா."

டார்ச் வெளிச்சம் சார்ட்டின் மேல் ஒருமுறை போய் வந்தது.

"நல்லாத்தான் இருக்குற. படி" என்றபடி சரசம்மா தொடாமலே இறங்கிப் போனாள்.

இருட்டில் கை நீட்டியபடியே இருந்தது.