ஓடுபாதை காலி

2003 அக்டோபர் 6, திங்கள். காலை 8.10.

வேங்கிக்கால் அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடம். இரண்டு விமானங்கள் மோதி மூக்குடைந்து கிடந்தன. முழ நீளப் பொம்மைகள்தான். ஆனாலும் அவற்றைச் செய்த மாணவன் பாசில் மறுபடி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். பத்து மணிக்குச் சென்னையிலிருந்து விமான நிலைய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள்.

ஏற்பாடு எளிது. விமானத்தின் வயிற்றில் ஒரு சிறு விளக்கு. ஓடுபாதையில் பதித்த மூன்று ஒளிக்கண்களில் ஒன்று அதைக் கண்டாலும், குறுக்கே வரும் விமானத்தைக் கணினி தானாகவே நிறுத்திவிடும். வெள்ளிக்கிழமை நாற்பது தடவை நிறுத்தியது. இன்றோ, ஒரு விமானம் நட்ட நடுவில் நிற்கும்போதே 'ஓடுபாதை காலி' என்று திரை கூசாமல் சொன்னது.

"இவன்தான் மேடம்!" கூட்டாளி வளவன் கத்தினான். "சனிக்கிழமை ஆயுத பூஜை முடிஞ்சதும் பூட்டி சாவிய எடுத்துட்டுப் போனவன் இவன். புரோகிராம் எழுதுனதும் இவன். ரிப்போர்ட்ல யார் பேரு முதல்ல வரணும்னு என்கிட்ட சண்டை வேற. பிரின்சிபால்கிட்ட கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்துட்டேன்."

சண்டை உண்மை. சாவியும் உண்மை. படிப்பே போய்விடுமே என்று பாசில் பயந்தான்.

விரிவுரையாளர் சந்திரகலா யாரையும் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

8.25. ஒயர்கள் சரி. புரோகிராமில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

"பூஜையில பொட்டு வச்சது யாரு?"

"நான்தான்." வளவன் நிமிர்ந்தான். "கம்ப்யூட்டர், மேஜை, ஸ்க்ரூடிரைவர்... ஒண்ணையும் விடல."

பார்த்தாலே தெரிந்தது. அறைக்கே அம்மை போட்டதுபோல் எங்கும் சந்தனம், குங்குமம்.

8.40. சந்திரகலா டார்ச்சை ஒளிக்கண்கள்மேல் அடித்தார். மூன்றுக்கும் 'காலி'. முதல் கண்ணை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. மறுபடி டார்ச். திரையில் 'நில்'.

"ரூம் முழுக்க பொட்டு. அதான் இந்த மூணும் யார் கண்ணுலயும் படல. கண்ணையே மூடிட்டியேப்பா, வளவன்."

வளவன் வெளிறினான். "தெரியாம வச்சிட்டேன் மேடம். நல்லா ஓடணும்னுதான்..."

"பொட்டு தெரியாம வச்சே, சரி. பழி? போ, எழுதிக் குடுத்ததை நீயே வாங்கிட்டு வா."

அவன் தலைகுனிந்து போனான். பாசில் தப்பித்தான். ஆனால் அவன் திரையில் தன் புரோகிராமைத் திறந்தான்.

"மேடம், தப்பு என் மேலயும் இருக்கு. டியூப்லைட் வெளிச்சம்கூட தெரியாத கண்ணு குருடாயிருக்கும்ல? அப்பவும் 'காலி'னு சொல்ற மாதிரி எழுதுனது நான்தான். நெஜ ஏரோப்ளேனா இருந்தா..."

சந்திரகலா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒரு மணி நேரம் இருக்கு. உக்காந்து மாத்து."