வடக்கு இல்லாத வரைபடம்

பள்ளிக்கூடத்தில் புதிய பாட அட்டவணையை ஒட்டிவிட்டார்கள். கணக்கு இருந்தது, கணினி இருந்தது. புவியியலை மட்டும் காணவில்லை. மலைகளையும் கடல்களையும் ஒரே பேனாக்கோட்டில் நாடு கடத்திவிட்டார்கள்!

ஆறாம் வகுப்புக் கடுகு கொதித்துப்போனாள். ஆள் சிறிது, காரம் பெரிது என்பதால் வந்த பட்டப்பெயர் அது. நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள்.

“டீச்சர், எங்க சித்தி இருக்குற நாட்டுல புவியியல் தனிப் பாடம். மாமா இருக்குற நாட்டுல வரலாற்றோட சேர்த்து நடத்துறாங்க. யாரும் தூக்கி எறியலை.”

“நாட்டுக்கு நாடு ஒரு வழக்கம் இருக்கும்மா. வழி சொல்லத்தான் போன் இருக்கே. நம்ம பள்ளிக்கு அது எதுக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு காரணம் சொல்லு, பார்ப்போம்.”

“சொல்றேன் டீச்சர்.”

மூன்று நாள் நூலகத்தைப் புரட்டினாள். உலகத்துக்கான காரணங்கள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. பள்ளிக்கான காரணம் ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆனாலும் அவள் விடுவதாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. மழை பெய்தால் ஒன்றாம் வகுப்புக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதை வெளியேற்றக் கொத்தனார் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். அது சாலைப் பக்கம் நீண்டுகொண்டே போனது.

கடுகு நின்றாள். “அண்ணே, சாலை மேடாச்சே. தண்ணி திரும்பிச் சின்னப் பிள்ளைங்க வகுப்புக்குள்ளதானே வரும்?”

“பார்த்தா சமதரை மாதிரிதானே இருக்கு? டீச்சர் வரைஞ்சு குடுத்தபடி வெட்டுறேன், தாயி.”

தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு பெட்டி, ஒரு கோடு. எழுத்து இல்லை, திசைக்குறி இல்லை. தலைகீழாகப் பிடித்தாலும் சரியாகவே தெரிந்தது.

அவள் வாதாடவில்லை. ஒரு வாளித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டினாள். அது நேரே ஒன்றாம் வகுப்பின் வாசலுக்கு ஓடியது.

பிள்ளைகளின் கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். “பின்னாடி இருக்குற குளத்துக்குத்தானே வெட்டச் சொன்னேன்?”

கொத்தனாரின் முகம் சுருங்கியது.

“அண்ணன் மேல தப்பில்லை டீச்சர்,” என்றாள் கடுகு. “படத்துல வடக்கு எதுன்னு போடலை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவருக்குச் சரிதான்.” பென்சிலால் ஓர் அம்பு வரைந்து, தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “இதுதான் டீச்சர் என் காரணம்.”

கொத்தனார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தார். தலைமையாசிரியை ஈரமான வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. வாரத்துக்கு ரெண்டு வகுப்பு தர்றேன்.”

“போன வருஷம் மூணு இருந்துச்சு டீச்சர்.”

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்து, பாட அட்டவணையில் மூன்று என்றே எழுதினார்.